டபுள் பார்த்த சிஸ்டர்

எங்கள் அப்பா இளகிய மனசுக்காரர். அந்த மனசைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும்.

நான் மூன்றாம் வகுப்பு படித்தபோது, கர்ப்பப்பையில் கட்டி என்று அம்மாவுக்கு ஓசூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்றார் டாக்டர். மறுநாள் அப்பா, சித்தி, நான் மூவரும் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். வார்டு நிறையக் கட்டில்கள். சிஸ்டர் ஒரே ஒருத்தி. இங்கே ஊசி போடும்போதே அங்கே கூப்பாடு.

“சாப்டீங்களாம்மா?” என்று அவளிடம் கேட்டார் அப்பா.

“எங்கண்ணா! ரெண்டு பேரு வேலைய விட்டு நின்னுட்டாங்க, புதுசா ஆள் போடல. நேத்துலேருந்து நான்தான்.”

போதாதா? அப்பா உருகிப்போனார். கம்பெனியில் மாற்று ஆள் வராமல், அடுத்த ஷிப்டையும் பார்த்துவிட்டுக் கால் வீங்கி வீடு திரும்புகிறவர் அவர். “பாவம், டபுள் ஷிப்ட் பாக்குது அந்தப் பொண்ணு. சும்மா சும்மா கூப்பிட்டுத் தொல்லை பண்ணாதீங்க” என்று எங்களுக்கு உத்தரவு போட்டார்.

மத்தியானம் அம்மா குளிருது என்றாள், போர்த்தினோம். நெற்றியெல்லாம் வேர்த்தது, சித்தி துடைத்தாள். பக்கத்துக் கட்டில் கன்னடக்காரம்மா, “சிஸ்டர்ன கரீரி” என்று கூப்பிடச் சொல்லி அதட்டினாள். சிஸ்டர் ஓட்டமாகத் தாண்டிப் போனபோது அப்பா கையைத் தூக்கினார். அவள் முகத்தைப் பார்த்ததும் இறக்கிவிட்டார். அம்மாவும், “வேணாங்க, அவங்க வேலை முடியட்டும்” என்று முனகிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன்.

சாயங்காலம் பிரஷர் பார்க்க வந்த சிஸ்டர், அம்மா கையைத் தொட்டதும் அலறினாள். டாக்டர்கள் ஓடிவந்தார்கள். வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கசிந்துகொண்டிருந்ததாம். அம்மா பிழைக்கவில்லை.

சிஸ்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “ஒரு குரல் குடுத்திருக்கக் கூடாதாண்ணா?”

“நீங்க டபுள்ல இருந்தீங்களேம்மா” என்றார் அப்பா.

அதற்குள் வார்டின் கடைசியிலிருந்து யாரோ “சிஸ்டர்!” என்று கத்தினார்கள். அவள் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடினாள். எங்கம்மா செத்துக் கிடக்கிறாள், இவள் பாட்டுக்குப் போகிறாளே என்று எனக்கு அப்படியொரு ஆத்திரம். அவர்கள் கூப்பிட்டார்கள், அவள் போனாள். அவ்வளவுதான் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.