தார்க் கொத்தனார் தனக்கென்று கட்டிய வீடு

அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. தார்க் கொத்தனார் என்றால்தான் தெரியும். அஸ்திவாரம் தரைக்கு மேல் ஒரு சாண் எழுந்ததும் சிமெண்டுக் கலவை பரப்பி, அது நன்றாகக் காய்ந்தபின் கொதிக்கும் தாரை ஊற்றித் தேய்ப்பார். அதற்குமுன் அடுத்த செங்கல்லைத் தொடமாட்டார். அவசரப்படுத்தினால், "செங்கல்லுக்குத் தாகம் அதிகம் ஐயா. அடியிலயே வாயைக் கட்டலைன்னா பூமித் தண்ணியை உறிஞ்சி மேல ஏத்திடும்" என்பார்.

ஒரே மகளுக்குச் சின்னதிலிருந்தே இளைப்பு. வாடகை வீட்டுச் சுவரில் ஈரம் ஊறி ஓதம் ஏறும்போதெல்லாம் அவள் நெஞ்சு விசிலடிக்கும். அந்தப் பிள்ளை ஒரு மூச்சாவது முழுசாக விடட்டும் என்றுதான் ஓய்வு நாளையெல்லாம் தின்று ஒரு வீடு கட்டினார். தார் பூசிய அன்று, வீட்டைச் சுற்றி ஓடிய கறுப்புக் கோட்டைப் பார்த்து மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பா, வீட்டுக்கு மீசை வரையிறீங்களா?" என்றாள்.

"ஆமாம்மா. மீசையைப் பார்த்தா ஓதம் பயந்து ஓடிடும்."

குடிபோன பிறகும் சுவர் சுக்காகக் காய்ந்து கிடந்தது. மகள் மழையிலும் நிம்மதியாகத் தூங்கினாள்.

பிறகு அவர் தூரத்துக் கட்டட வேலைக்குப் போனார். அந்த மழையில் வாசலெங்கும் தண்ணீர் நின்றது. பிள்ளை ஈரத்தை மிதிக்கக் கூடாதே என்று மனைவி வண்டி மண் அடித்து, சுவரையொட்டி முழங்கால் உயரம் மேடாக்கி, மகளோடு சேர்ந்து பூச்செடியும் வைத்தாள். பெற்றவளுக்கு வேறென்ன தோன்றும்? அவளைக் குறை சொல்ல வருகிறவர்கள் வேறு வாசல் பார்க்கட்டும். ஆனால் தார் மண்ணுக்குள் போய்விட்டது. தாருக்கு மேலிருந்த செங்கல், அந்த மண்ணிலிருந்து குடிக்கத் தொடங்கியது.

மகளுக்கு இளைப்பு முற்றிவிட்டதென்று தகவல் வந்து அவர் ஆஸ்பத்திரிக்கே ஓடினார். "மீசையைக் காணோம்பா" என்றாள் மகள், மூச்சுத் திணறி விட்டு விட்டு. ஜுரத்தில் உளறுகிறாள் என்று நினைத்துத் தலையைத் தடவினார். அந்த வாரமே அவள் போய்விட்டாள்.

வெறுங்கையோடு வீடு திரும்பியவர் செடி வரிசையைப் பார்த்தார். மகள் சொன்னது அப்போதுதான் புரிந்தது.

துக்கம் கேட்க வந்த மைத்துனர் கட்டிலோரச் சுவரைத் தடவினார். விரல் நனைந்தது. "ஊரான் வீட்டுக்கெல்லாம் பாத்துப் பாத்துச் செஞ்சீங்களே மச்சான். சொந்த வீட்டுல என்னாச்சு?"

மனைவி நிமிர்ந்தாள். "தார் போட்டீங்கதானே? நான் பார்த்தேனே."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். "போட்டேன். கலவை காயறதுக்குள்ள ஊத்திட்டேன். தார் ஒட்டிப் பிடிக்கலை."

"எம்புள்ளை வீட்டுலதான் உங்களுக்கு அவசரம் வந்துச்சா?"

அதற்குப்பின் அவள் அவரிடம் பேசவில்லை. செய்தி பரவி, வேலைக்குக் கூப்பிடுவதையும் பலர் நிறுத்திக்கொண்டார்கள்.

அந்த மண்ணை வெட்டி எடுத்தால் சுவர் காய்ந்துவிடும். காய்ந்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் அவர் மண்வெட்டியைத் தொடவில்லை. மகள் வைத்த செடி வாடக் கூடாதென்று அவள் சாயங்காலம் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறாள். அவர்தான் குடத்தை நிரப்பிச் சுவரோரம் வைக்கிறார்.