நைனா பேசாத வீடு

ஆற்றோரத்தில் இருந்த எங்கள் வீட்டை இடித்துவிட்டு, நகரத்துக்கு வெளியே ஓர் அடுக்குமாடியில் எங்களைக் கொண்டுபோய்ப் போட்டார்கள். நான் வேலை பார்ப்பதோ தி.நகர் ஜவுளிக்கடையில். பஸ்ஸில் தொங்கியே பாதி ஆயுள் போய்விடும் போலிருந்தது. அதனால் நானும் அப்பாவும் மயிலாப்பூர் பக்கம் வாடகைக்கு வீடு தேடினோம். அப்பா என்பது உங்களுக்காக எழுதுவது. எனக்கு அவர் நைனா.

போனில் பிரச்சினையே இல்லை. கடையில் சேர்ந்தபோதே, "வாங்க மேடம், என்ன பார்க்கிறீங்க?" என்று பேசப் பழக்கிவிட்டார்கள். அந்தக் குரலில் கேட்டால் எல்லா வீடும் காலியாகத்தான் இருந்தது. நேரில் போனதும் நைனா வாயைத் திறப்பார்.

"இன்னா சார், தண்ணி நல்லா வந்துக்கினு கீதா?"

அவ்வளவுதான். வீட்டுக்காரர் முகம் மாறும். "சொந்த ஊரு எது?" என்பார். மெட்ராஸ்தான் என்றால் நம்பமாட்டார். மறுநாள் கேட்டால் வீடு வேறு யாருக்கோ போயிருக்கும். ராயப்பேட்டை வீடும் திருவான்மியூர் வீடும் இப்படித்தான் கை நழுவின.

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் முதலாளி தெற்கத்திக்காரர். அவர் "ஏல, என்னல செய்யுத?" என்று கடைப் பையன்களைப் பார்த்துக் கத்தினால் வாடிக்கையாளர்கள் ரசிக்கிறார்கள். மண்வாசனையாம்! அதே இடத்தில் நைனா பேசினால் ரவுடி. பொங்கலுக்கு எல்லோரும் சொந்த ஊருக்குக் கிளம்பும்போது, போக வேறு ஊர் இல்லாமல் இங்கேயே கிடப்பது நாங்கள். எங்களுக்குத்தான் இந்த ஊரில் வீடு இல்லை.

அடுத்தது மயிலாப்பூர் குளத்துக்குப் பின்னால் ஒரு கீழ்ப்போர்ஷன். நல்ல காற்று, பக்கத்திலேயே பஸ். மாடியில் வீட்டுக்கார அம்மா தனியாக இருந்தார். சுற்றிக் காட்டிவிட்டு, "பெரியவர் ஒண்ணுமே பேசலையே?" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் நைனா தொண்டையைத் தொட்டுக் காட்டிக் கையை விரித்தார்.

"அடப்பாவமே, ஆபரேஷனா?"

நைனா தலையாட்டினார். வீடு கிடைத்துவிட்டது.

தெருவுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "இன்னா நைனா இது, அசிங்கமா?"

"ஊடு கெடச்சிச்சா இல்லியா? கம்முனு வா."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆட்டோ ஓட்டிய காலத்தில், சவாரி இறங்கிய பிறகும் அவர்களைப் போகவிடாமல் பேசிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

எங்கள் ஜன்னலுக்கு நேர் மேலே அந்த அம்மாவின் பால்கனி. அதனால் வீட்டுக்குள்ளும் கிசுகிசுப்புதான். போகப்போக அதுவும் குறைந்தது. கிரிக்கெட்டில் விக்கெட் விழுந்தால் நைனா துண்டால் வாயைப் பொத்திக்கொள்கிறார். அந்த அம்மா கெட்டவராக இருந்தாலாவது திட்டித் தீர்க்கலாம். ரசம் கொடுத்தனுப்புகிறார். காது கேட்காதவரிடம் பேசுவதுபோல் நைனாவிடம் சத்தம் போட்டு நலம் விசாரிக்கிறார். "தங்கமான மனுஷர்" என்று என்னிடம் சொல்கிறார். உண்மையைப் போட்டு உடைத்துவிடலாமா என்று தினமும் தோன்றுகிறது. உடைத்தால் மறுபடியும் அந்த பஸ், அந்த அடுக்குமாடி. பல்லைக் கடித்துக்கொண்டு, "தேங்க்ஸ் மேடம்" என்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பொறுக்க முடியாமல் நைனாவை சாந்தோம் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனேன். வலையும் படகும் கிடந்த பக்கமாக உட்கார்ந்தோம்.

"இங்க நம்மள யார் கேக்கப் போறாங்க? இஷ்டத்துக்குப் பேசு நைனா" என்றேன்.

அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். சுண்டல்காரர் ஒருவர் வந்தார்.

"இன்னா பெரீவரே, சூடா கீது, வோணுமா?" என்று எங்கள் பாஷையிலேயே கேட்டார்.

நைனா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு ஒரு விரலை உயர்த்திக் காட்டித் தலையாட்டினார்.