வாசலை மறித்த கார்

கீழ்பென்னாத்தூரில் அக்கா மகளுக்கு வளைகாப்பு. தாய்மாமன் நான். வளையல் தட்டு, புடவை, பழம் எல்லாவற்றையும் காரில் ஏற்றிவிட்டு கேட்டைத் திறந்தால், எதிரே குறுக்காக ஒரு வெள்ளைக் கார். பௌர்ணமி. கிரிவலப் பாதையை ஒட்டிய தெருவில் வீடு கட்டியவன் அனுபவித்துத்தான் ஆக வேண்டும்.

நல்லவேளையாகக் கண்ணாடியில் தொலைபேசி எண் இருந்தது. கூப்பிட்டேன். எடுத்தவர் மிக மரியாதையாகப் பேசினார்.

“இப்பதான் சார் எமலிங்கம் தாண்டினோம். பாதியில திரும்பக் கூடாது சார். சுத்தி முடிச்சிட்டு வந்துடறேன்.”

விசேஷத்தைச் சொன்னேன். அண்ணாமலையார் நல்லபடியாக நடத்தி வைப்பார் என்று ஆறுதல் சொல்லி வைத்துவிட்டார்.

ஆட்டோக்காரர்கள் யாரும் இன்று எங்கள் பக்கம் வருவதாக இல்லை. போலீசுக்குப் போன் செய்தேன். பௌர்ணமி என்றால் அப்படித்தான் இருக்கும் என்றார்கள். எதிர்வீட்டுக்காரர் வந்து காரைச் சுற்றிப் பார்த்தார். தன் வாசலில் சங்கிலி கட்டியிருப்பதை ஞாபகப்படுத்திவிட்டு உள்ளே போய்விட்டார். அக்கா மட்டும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில், நல்ல நேரம் முடியப் போகிறது, சித்தப்பா மகனை விட்டு வளையல் போடச் சொல்லிவிட்டேன் என்றாள்.

மத்தியானம் கார்க்காரர் குடும்பத்தோடு வந்தார். வெறுங்கால், நெற்றி நிறைய விபூதி, முகத்தில் அப்படி ஒரு அமைதி. காலையிலிருந்து மனதுக்குள் சேர்த்து வைத்ததை எல்லாம் கொட்டினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“கோவத்தைக் கம்மி பண்ணிக்கங்க சார். உடம்புக்கு ஆகாது.”

சொல்லிவிட்டு என் கையில் கொஞ்சம் விபூதியும் கொடுத்தார். அவர் மனைவி காலைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். பாவம், நடந்து வந்திருக்கிறார்கள் என்று என் மனைவி மோர் கொண்டுவந்து கொடுத்தாள். எனக்கு அவள் மேலும் கோபம் வந்தது. குடித்து முடித்து, அடுத்த பௌர்ணமிக்கும் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாமா என்று கார்க்காரர் அவளிடம்தான் கேட்டார். என்னிடம் இல்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் இலை எடுத்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைக் கார் கதையை அக்காவிடம் முதலிலிருந்து சொன்னேன். அவள் முழுதாகக் கேட்கவில்லை.

“பௌர்ணமின்னு உனக்குத் தெரியாதா? ஊர்க்காரன்தானே நீ? நேத்தே கிளம்பி வர்றதுக்கு என்ன?”

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லாரும் அது நியாயம்தான் என்று தலையாட்டினார்கள். சித்தப்பா மகன் எனக்கு இலை போடச் சொன்னான். வடை தீர்ந்துவிட்டிருந்தது.