சென்சருக்கும் ஒரு பொட்டு

போன வருஷம் ஆயுத பூஜை முடிந்த கொஞ்ச நாளில், புத்தூரிலிருந்து திருப்பதி போகும் வழியில், வடமாலப்பேட்டை பக்கத்தில் நடந்தது இது. எங்களுக்கு நகரியில் விசைத்தறி. என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் மூன்று நாள் திருப்பதிக்குக் கூட்டிப்போய் டயாலிசிஸ் செய்ய வேண்டும். நமக்கென்று ஒதுக்கிய நேரத்துக்குப் போகாவிட்டால் மெஷினில் அடுத்த ஆளைப் படுக்க வைத்துவிடுவார்கள்; அப்புறம் மறுநாள்தான். அந்த ஒரு நாளில் உடம்பெல்லாம் நீர் கோத்துக்கொண்டு மூச்சுவிட முடியாமல் போகும். ஒருமுறை அப்படி ஆகி அவள் பட்ட பாட்டைப் பார்த்தவன் நான்.

அதனால் கார் சரியாக இருக்கிறதா என்பதே என் முழுநேரக் கவலை. அந்தக் காரில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிய ஆரம்பித்தது. புத்தூர் மெக்கானிக், ஈ.ஜி.ஆர். கோளாறு என்றார். இன்ஜின் விடும் புகையில் கொஞ்சத்தை மறுபடி இன்ஜினுக்குள்ளேயே அனுப்பும் வால்வாம் அது. எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்ல அதில் ஒரு சென்சர். வால்வைக் கழற்றிக் கரியைச் சுரண்டிக் கொடுத்தார். வண்டி நன்றாகத்தான் ஓடியது.

அன்றைக்கு அவளை ஏற்றிக்கொண்டு வடமாலப்பேட்டை வரும்போது மறுபடி விளக்கு. எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்கவில்லை. ஒரு பள்ளத்தில் இறங்கிக் குலுங்கியதும் நின்றே போனது. நல்லவேளை, கூப்பிடு தூரத்தில் ஒரு மெக்கானிக் ஷெட். அங்கிருந்தவர்கள் தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார்கள்.

மெக்கானிக் ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். "சென்சரு போயிட்ச்சி அண்ணா. புதுசு திருப்பதிலருந்து வரணும். சாயந்திரம் ஆவும்."

சாயந்திரமா! அவள் இருக்கிற நிலைமையில் கூட்டமான பஸ்ஸில் ஏற்ற முடியாது. ஆட்டோக்காரர் ஒருவருக்குப் போன் போட்டால், கிளம்பிட்டேன் கிளம்பிட்டேன் என்று அதையே சொன்னார். நான் ரோட்டுக்கும் ஷெட்டுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். என்ன பிழைப்புடா இது என்று வாய்விட்டே திட்டினேன்.

பின் சீட்டிலிருந்து அவள், "இன்னாங்க, ஒண்ணு சொல்லட்டா?" என்றாள்.

"நீ பேசாதம்மே, மூச்சு வாங்குது பாரு."

கொஞ்ச நேரத்தில் மறுபடி கூப்பிட்டாள். "சும்மா இருன்றேன்ல!" என்று கத்திவிட்டேன். அவள் கதவைத் திறந்துகொண்டு தானே இறங்கிவிட்டாள். நான் பிடிக்க ஓடினேன். அவளோ பானெட்டைப் பிடித்துக்கொண்டு மெக்கானிக்கிடம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்:

"தம்பி, பூஜைக்கு முன்னாடி இந்த வெளக்கு எரியவே இல்ல. பைப்பு வெச்சி பானெட்டு உள்ளெல்லாம் தண்ணி அடிச்சிக் கழுவுனோம். அதுக்கப்பறந்தான் எரியுது. பள்ளத்துல எறங்குனா எரியும், நல்ல ரோட்ல அணைஞ்சிடும். பின்னால ஒக்காந்து பாத்துகினேதான் வரேன்."

மெக்கானிக் செல்போன் டார்ச்சை உள்ளே அடித்தார். சென்சரில் மாட்டியிருந்த கறுப்பு பிளக்கின் மேல் சந்தனமும் குங்குமமும் காய்ந்து கிடந்தன.

"ஏமக்கா, சென்சருக்கும் பொட்டா!"

"நான்தான் வெச்சேன். அதுவும் நமக்காக ஒழைக்குதே."

அவர் சிரித்துக்கொண்டே பிளக்கைப் பிடுங்கினார். உள்ளே கம்பிகள் களிம்பேறிப் பச்சை பிடித்திருந்தன. கழுவிய தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிட்டிருக்கிறது. வண்டி குலுங்கும்போதெல்லாம் தொடர்பு விட்டுப்போகிறது. சென்சருக்கு ஒன்றுமே இல்லை! ஸ்பிரே அடித்துச் சுத்தம் செய்து, கம்பிகளை இறுக்கி, மாட்டி, இன்ஜின் ஓடும்போதே ஒயரைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை. "அக்கா சொல்லலன்னா சென்சரையே மாத்திகினு இருந்திருப்பேன்" என்றார். ஆட்டோக்காரருக்குப் போன் போட்டேன். அப்போதும் கிளம்பிக்கொண்டுதான் இருந்தார்.

திருப்பதி வரைக்கும் என் கண் விளக்கின் மேலேயே இருந்தது. "ரோட்டப் பாருங்க. வெளக்க நான் பாத்துக்கறேன்" என்றாள் பின்னாலிருந்து.

நாங்கள் ஓடிப்போய் நின்றபோது நர்ஸ் அடுத்த ஆளைக் கூப்பிடப் போய்க்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் திரும்பி வந்து, வழக்கம்போல என்னைத்தான் கேட்டார், இவங்களுக்கு எப்படி இருக்கு என்று. பதில் சொல்ல வாயைத் திறந்தவன், "அவளையே கேளுங்கம்மா" என்றேன்.

அவள் சொல்லச் சொல்ல நான் திகைத்து நின்றேன். மெஷினில் படுத்தால் பாதி நேரத்தில் உடம்பு வெடவெடவென்று நடுங்குமாம். ராத்திரியில் பாதம் மரத்துப்போகுமாம். எதுவுமே எனக்குத் தெரியாது. நர்ஸ் டாக்டரைக் கூட்டிவந்தார். மெஷினின் சூட்டை மாற்றி வைத்தார்கள். அன்று அவள் நடுங்கவில்லை. நான்தான் வெளியே வந்து அழுதேன்.

இப்போதும் யாராவது அவளைப் பற்றி என்னிடம் கேட்டால் பதில் நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. அதை விழுங்கிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறேன்.