நாற்காலிக்குப் பின்னால் ஒரு கை

சாஜிதா டீச்சர் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு கூத்தாநல்லூர் வரலாற்றுக் கழகமே கதி என்று ஆகிவிட்டார். மூடிக்கிடந்த அரிசி மண்டியின் மாடியில் இரண்டு அறைகள்தான் கழகம். பினாங்கிலிருந்து வந்த பீங்கான் கோப்பைகள், பித்தளை மரக்கால், கப்பல் பயணத் தகரப் பெட்டிகள், சுவர் நிறைய ஊர்க்காரர்களின் பழைய படங்கள். எல்லாவற்றையும் துடைத்து வைப்பதும் வருகிறவர்களுக்குக் கதை சொல்வதும் அவர்தான்.

போன ஐப்பசியில் நீடாமங்கலத்தில் ஒரு பழைய போட்டோ ஸ்டுடியோவை இடித்தார்கள். அங்கிருந்த நெகட்டிவ்களைச் சாக்கில் கட்டிக் கழகத்துக்குக் கொடுத்தனுப்பினார்கள். டீச்சர் ஒவ்வொன்றாக ஸ்கேன் செய்து கணினியில் பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு மத்தியான நேரத்தில் அவருடைய படமே திரையில் வந்தது.

வீட்டுக் கூடத்தில் அறுபது வருஷத்துக்கும் மேலாகத் தொங்கும் படம். பூப்போட்ட பாவாடையில் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சிறுமி. அதை எடுத்த நாள் தனக்கு ஞாபகம் இருப்பதாக டீச்சர் எப்போதும் சொல்வார். “பின்னாலேருந்து யாரோ என் பிடரியைப் பிடிச்சுக்கிட்டிருந்தாங்க. வெரல் அப்படி நடுங்குச்சு.” மகள் ஹுமைரா சிரிப்பாள். “படத்துல யாருமே இல்லையேம்மா.”

நெகட்டிவில் இருந்தார்கள். வீட்டுப் படத்தில் வெட்டப்பட்டிருந்த ஓரம் இதில் முழுசாக இருந்தது. நாற்காலிக்குப் பின்னால் போர்த்திய துணிக்குள்ளிருந்து ஒரு பெண்ணின் கை நீண்டு சிறுமியின் கழுத்தைத் தாங்கியிருந்தது. சிறுமியின் கண்கள் மூடியிருந்தன. வீட்டுப் படத்தில் கையை மறைத்ததும் கண்களை வரைந்ததும் பிறகு தூரிகையால் செய்தவை.

டீச்சர் ஒரு பிரிண்ட் எடுத்துக்கொண்டு அண்ணன் அப்துல் ரஹ்மான் வீட்டுக்குப் போனார். எழுபத்தைந்து வயது அவருக்கு. படத்தை வாங்கிப் பார்த்தவர் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.

“இது நான்தானே அண்ணே?”

“இல்லம்மா. உனக்கு மூத்தவ. அவ பேரும் சாஜிதாதான். காய்ச்சல்ல மவுத்தாயிட்டா. உசிரு போனப்புறம் எடுத்த படம் இது.”

அண்ணனே மேலே சொன்னார்.

“அத்தா மலேயாவுல இருந்தாங்க. அவ பொறந்ததுலேருந்து அவங்க பார்த்ததே இல்ல. ஒரு தடவையாவது புள்ள முகத்தைப் பாக்கட்டும்னு அம்மாதான் போட்டோக்காரரை வரச்சொன்னாங்க. கண்ணு தொறந்த மாதிரி செஞ்சு குடுங்கன்னாங்க. அத்தா திரும்பி வந்த மறுவருஷம் நீ பொறந்தே. அதே பேரை வச்சாங்க. அவளப்பத்தி யாரும் பேசக்கூடாதுன்னுட்டாங்க.”

“அப்ப அந்தக் கை எனக்கு எப்படி ஞாபகம் இருக்கு?”

அண்ணன் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அம்மா கை நடுங்கத்தான் செஞ்சுது. நான் பக்கத்துல நின்னேன். அத நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. நீ அந்தக் கதைய ஆரம்பிச்சாலே எந்திரிச்சுப் போயிடுவேன், கவனிச்சிருக்கியா?”

அந்த வெள்ளிக்கிழமை பள்ளிவாசல் ஹஜ்ரத்தை டீச்சர் வீட்டுக்கு அழைத்து மூத்தவளுக்காக பாத்திஹா ஓதச் சொன்னார்கள். யார் பேருக்கு என்று அவர் அண்ணனிடம் கேட்டார். டீச்சரே உள்ளேயிருந்து தன் பேரைச் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு ஹுமைரா கூடத்துப் படத்தைக் கழற்ற ஸ்டூலை இழுத்துப் போட்டாள். “பயமா இருக்கும்மா. எடுத்துடலாம்.”

“இருக்கட்டும், இறங்கு,” என்றார் டீச்சர். “அவளும் இந்த வீட்டுப் புள்ளதான்.”