கதவுக்குள் தேங்கிய மழை

பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்த அந்த அம்மாளை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவர் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. முப்பத்திரண்டு வயது வரை ஒரு துணிக் கிடங்கில் சரக்குப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தார். தானே கார் ஓட்டப் பழகப் போன இடத்தில், சொல்லிக்கொடுத்த ஆள் ஒவ்வொரு தவறுக்கும் தலையில் அடித்துக்கொண்டார். அதைப் பார்த்தபோதுதான், இதையே தலையில் அடித்துக்கொள்ளாமலும் சொல்லித் தரலாமே என்று டீச்சருக்குத் தோன்றியது. பழைய கார் ஒன்றை வாங்கி, பக்கத்து இருக்கையில் தன் காலுக்கும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் பொருத்திக்கொண்டார். பன்னிரண்டு வருடங்களில் இருநூறு பெண்களுக்கு மேல் அவரிடம் படித்து லைசென்ஸ் வாங்கிவிட்டார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. பத்து நாளில் காய்ச்சல் போய்விட்டது. போகும்போது வாசனை அறியும் சக்தியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. சிலருக்குத் திரும்பி வரும் என்றார் டாக்டர். டீச்சருக்கு வரவில்லை. வீட்டில் பால் கெட்டிருக்கிறதா, துணி காய்ந்திருக்கிறதா என்று பார்ப்பதெல்லாம் கணவரின் மூக்கு என்றாயிற்று. வெளியில் ஒருவரிடமும் அவர் சொல்லவில்லை. கிளட்ச் தேய்ந்து தீயும் வாடைகூடத் தெரியாதவரிடம் யார் வண்டி பழக வருவார்கள் என்ற பயம்தான். எஞ்சினின் சத்தத்தை வைத்தும், காலுக்கடியில் தெரியும் அதிர்வை வைத்தும் சமாளித்துக்கொண்டார். சமாளித்தார் என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

இந்த வருடம் மழை விட்டு விட்டுப் பெய்தது. மழை தொடங்கிய மூன்றாவது வாரத்திலிருந்து மாணவிகள் ஒவ்வொருவராக நின்றார்கள். ஒருத்திக்குத் தலைவலி. ஒருத்தி வீட்டில் விருந்தாளிகள். இன்னொருத்தி காரணம் எதுவும் சொல்லாமல், "அப்புறமா போன் பண்றேன் டீச்சர்" என்றாள், பண்ணவே இல்லை. ஆறாவதாக நின்றவள் ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் வேலை பார்ப்பவள். டீச்சருக்கு மிகவும் பிடித்த மாணவி. ஊருக்குப் போகிறேன் என்று சொல்லி நின்ற அவளை, நாலு நாள் கழித்து ஒரு சிக்னலில், வேறொரு பயிற்சிக் காரின் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி டீச்சர் பார்த்துவிட்டார். அவளும் பார்த்தாள். பச்சை விழுந்ததும் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் போனார்கள்.

அன்று மாலை டீச்சர் சரியாகச் சாப்பிடவில்லை. கணவர் தையற்காரர். வீட்டின் முன்னறையே அவருடைய கடை. மிஷினை நிறுத்திவிட்டு, "என்ன ஆச்சு?" என்றார்.

"என் வாய் நீளமாயிடுச்சு போலிருக்கு."

"இப்பத்தானா?"

"விளையாடாதீங்க. பிள்ளைங்களை ரொம்ப அதட்டுறேன்னு நினைக்கிறேன். ரவுண்டானாவுல ஒருத்தி அழுதுட்டா, தெரியுமா? அதுக்கப்புறம்தான் ஒவ்வொருத்தியா நிக்கிறாங்க."

கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு தலையைக் குனிந்து, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து டீச்சர் தன்னைத் திருத்திக்கொள்ள ஆரம்பித்தார். குரலைத் தாழ்த்தினார். எதற்கெடுத்தாலும் "பரவாயில்லைம்மா" என்றார். ஒரு மாணவி பின்பக்கமாக எடுக்கும்போது மதில்சுவரில் பம்பரைத் தேய்த்தாள். "அருமை, இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்தியிருந்தா இன்னும் அருமை" என்றார். அந்தப் பெண் திகைத்துப்போய் அவர் முகத்தையே பார்த்தாள். அடுத்த வாரம் அவளும் வரவில்லை. வாயை மாற்றியும் கதை மாறவில்லை என்றால் தன் காலம் முடிந்துவிட்டது என்றே டீச்சர் நினைத்தார். துணிக் கிடங்கில் ஆள் எடுக்கிறார்களா என்றுகூட ஒரு நாள் விசாரித்து வைத்தார்.

அந்தச் சமயத்தில்தான் பால் பண்ணைக்காரி புதிதாக வந்து சேர்ந்தாள். சொந்தப் பண்ணை எதுவும் இல்லை. ஒரு பால் பண்ணையில் வந்து இறங்கும் பாலைச் சோதித்து எடுத்துக்கொள்ளும் வேலை. பால் கேனின் மூடியைத் திறந்ததும் முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். இயந்திரம் சொல்வதற்கு முன்னால் அவள் மூக்கு சொல்லிவிடும். முதல் நாள் காரில் ஏறியதும் ஜன்னல் கண்ணாடியை முழுக்க இறக்கினாள். தூறல் அவள் தோளில் விழுந்தது.

"நனையறீங்களே, ஏத்திக்குங்க" என்றார் டீச்சர்.

"பரவாயில்லைங்க."

இரண்டாம் நாளும் அப்படித்தான். மூன்றாம் நாள் நல்ல மழை. கண்ணாடியை ஏற்றித்தான் ஆக வேண்டும். தெருமுனை வரை ஓட்டியவள், ஓரமாக நிறுத்தி, ஹாண்ட் பிரேக்கை இழுத்தாள்.

"டீச்சர், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க." இவளும் நிற்கப் போகிறாள் என்று டீச்சருக்குத் தெரிந்துவிட்டது.

"இந்த வாடையில நாள் முழுக்க எப்படி உட்காந்திருக்கீங்க?"

"என்ன வாடை?"

அவள் திரும்பி டீச்சரைப் பார்த்தாள். கேலி செய்கிறாரோ என்று யோசித்திருப்பாள். டீச்சரின் முகத்தில் கேலி இல்லை.

"ஈரத்துணியைச் சுருட்டி மூலையில போட்டு மறந்துட்டா ஒரு வாடை வருமே, அது. அதுக்கு மேல மல்லிகை சென்ட் வேற. ரெண்டும் சேர்ந்து தலையைச் சுத்துது."

கணவரைத் தவிர ஒருவரிடமும் சொல்லாததை டீச்சர் சொன்னார்.

"எனக்கு வாசனை தெரியாதும்மா. மூணு வருஷமாச்சு."

சொன்ன பிறகு ஒன்றும் ஆகவில்லை. பால் பண்ணைக்காரி இறங்கிப் போகவில்லை. "அப்படியா" என்றாள். "அப்ப என் மூக்கை வச்சுப் பாத்துடுவோம்."

மிதியடியைத் தூக்கி முகர்ந்தாள். இருக்கைக்கு அடியில் குனிந்தாள். பின்னிருக்கைக்குப் போய்த் திரும்பி வந்தாள். கடைசியில் தன் பக்கத்துக் கதவில், துடைக்கும் துணி வைக்கும் குழிக்குக் கீழே மூக்கை வைத்தவள் சட்டென்று பின்வாங்கினாள்.

"இங்கதான். இந்தக் கதவுக்கு உள்ளதான் இருக்கு. நேத்து பிரேக் போட்டப்போ சளக்னு ஒரு சத்தம் கேட்டுச்சே, உங்க தண்ணி பாட்டில்னு நினைச்சேன்."

"நான் உங்க பாட்டில்னு நினைச்சேன்."

இருவரிடமும் பாட்டில் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் டீச்சர் நேராக முன்னறைக்குப் போனார். "கார்ல வாடை அடிக்குதாமே?"

கணவர் மிஷினை நிறுத்தினார்.

"போன மாசம் மூக்குக்கண்ணாடி கடைக்கு உன்கூட வந்தேனே, அப்பவே தெரிஞ்சுச்சு" என்றார் மெதுவாக.

"அப்புறம் ஏன் சொல்லலை?"

"சொன்னா உனக்கு வாசனை தெரியாதுங்கறதை நான் குத்திக்காட்டுற மாதிரி இருக்கும். அதான் நானே ஒரு சென்ட் டப்பா வாங்கி சீட்டுக்கடியில வச்சேன். ஒண்ணு பத்தலைன்னு இன்னும் ரெண்டு வச்சேன்."

"மூணா?"

"மல்லிகைதான் நல்லதுன்னு கடைக்காரர் சொன்னார்."

டீச்சருக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். கதவுக்குள் இருப்பது இன்னதென்று தெரிவதற்கு முன்பே, அவருக்கு முதலில் வந்தது சிரிப்பு. மூன்று வாரமாகத் தூங்காத கண்களில் தண்ணீர் வரும் வரை சிரித்தார். கணவர் பயந்துபோய் எழுந்து வந்து தோளைப் பிடித்தார்.

மறுநாள் காலையில் காரை டிங்கர் பட்டறைக்கு ஓட்டிப் போனார். டிங்கர், அடிபட்ட கதவுகளையும் பம்பர்களையும் தட்டி நிமிர்த்துகிற மனிதர். பன்னிரண்டு வருடமாக டீச்சரின் மாணவிகள் அவருக்கு வேலை கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். அவர் கதவைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். உள்ளே அலை அடித்தது. கீழே படுத்து, கதவின் அடி விளிம்பைக் கையால் தடவினார்.

"போன வருஷம் துருப்பிடிக்காம இருக்க அடியில கறுப்பு மெழுகு அடிச்சீங்களாம்மா?"

"ஆமாண்ணே. ஜன்னல் ரிப்பேருக்கு வேற ஒரு கடையில விட்டப்போ, அதையும் சேர்த்து அடிச்சுக் கொடுத்தாங்க."

"நல்ல எண்ணத்துலதான் அடிச்சிருக்காங்க. ஓட்டையையும் சேர்த்து அடிச்சுட்டாங்க." எழுந்து உட்கார்ந்து விளக்கினார். "ஜன்னல் ரப்பர் வழியா கதவுக்குள்ள மழைத் தண்ணி இறங்கத்தான் செய்யும். எல்லா காருலயும் இறங்கும். அது தப்பில்லை. கீழ மூணு ஓட்டை விட்டிருப்பாங்க, அது வழியா போயிடும். இங்க போக வழியில்லை."

வளையக்கூடிய ஒரு பிளாஸ்டிக் குச்சியை எடுத்து, பெயின்ட் போகாதபடி முதல் ஓட்டையை மெல்லக் குடைந்தார். ஒரு கட்டி மெழுகும் மக்கிய இலையும் விழுந்தன. அதன் பின்னால் தண்ணீர் கொட்டியது. தேநீர் நிறத் தண்ணீர். டிங்கர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். டீச்சர் மட்டும் அசையாமல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவருக்கு மூக்கில்லாதது ஒரு வசதிதான். மூன்று ஓட்டையும் திறந்து முடித்தபோது, கீழே வைத்த வாளி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது.

"அப்ப காரணம் என் வாய் இல்லை" என்றார் டீச்சர்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்லைண்ணே."

கதவின் உள்பக்கத்து அட்டையைக் கழற்றினார்கள். அதன் பின்னால் ஒட்டியிருந்த பஞ்சு கறுத்துப் பூஞ்சை பிடித்திருந்தது. ஈரம் உள்ளே வராமல் தடுக்கும் பிளாஸ்டிக் தாளை, ஜன்னலைச் சரிசெய்தவர்கள் கிழித்துவிட்டு அப்படியே விட்டிருந்தார்கள்; அந்த வழியாகத்தான் தரை விரிப்பு வரை ஈரம் போயிருந்தது. பஞ்சைப் பிய்த்தெறிந்தார்கள். கதவின் உள்ளே சோப்புத் தண்ணீரால் கழுவி, துடைத்து, காற்று அடித்தார்கள். இறுகிப்போன ஜன்னல் ரப்பரை மாற்றி, புதுத் தாளை ஓரம் முழுக்க ஒட்டினார்கள். மற்ற மூன்று கதவுகளின் ஓட்டைகளையும் திறந்துவிட்டார்கள். விரிப்பு இரண்டு நாள் வெயிலில் கிடந்தது. சென்ட் டப்பாக்கள் மூன்றையும் டிங்கரே எடுத்துக் குப்பையில் போட்டார்.

மூன்றாம் நாள் பால் பண்ணைக்காரி வந்தாள். கதவைச் சாத்தி, கண்ணாடியை முழுக்க ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். டீச்சர் மூச்சை அடக்கிக்கொண்டார்.

"சோப்பு வாசனை" என்றாள். "கொஞ்சம் ரப்பர். அவ்வளவுதான். ஓட்டலாமா?"

அன்று வகுப்பு முடிந்ததும் டீச்சர் நூலகக்காரிக்குப் போன் செய்தார். நலம் விசாரிக்கவில்லை, நேரே கேட்டார். "கார்ல வாடை இருந்துச்சா?"

மறுமுனையிலிருந்து தயங்கித் தயங்கி ஒரு குரல் வந்தது. "மன்னிச்சுக்கங்க டீச்சர். வாயைத் திறந்து சொல்லக் கூச்சமா இருந்துச்சு. உங்களை மாதிரி ஒருத்தர்கிட்ட எப்படிச் சொல்றது?"

"என் அதட்டலுக்குப் பயந்து போகலையே?"

"அய்யோ, இல்லை டீச்சர். அந்த அதட்டலுக்காகத்தான் மூணு வாரம் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன். இப்ப போற கார்ல சொல்லித் தர்றவர் எதுக்கும் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார். நான் என்ன தப்பு பண்றேன்னே எனக்குத் தெரியலை."

திங்கட்கிழமை வருவதாக அவள் சொன்னாள். அவள் மூலமாகச் செய்தி போய் மேலும் நாலு பேர் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் வரவில்லை; அவர்கள் வேறிடத்தில் பழகி முடித்திருந்தார்கள். டீச்சர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. புதிதாகச் சேருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவார்: "எனக்கு வாசனை தெரியாது. கிளட்ச் தீயுற வாடை வந்தா நீ சொல்லணும், அது உன் பாடத்துல ஒண்ணு." அதைக் கேட்டு யாரும் ஓடிப் போகவில்லை. சிலர் இன்னும் கவனமாக ஓட்டினார்கள்.

அடுத்த பெருமழை, நூலகக்காரி திரும்பி வந்த வாரத்தின் கடைசியில் பெய்தது. மழை விட்டதும் டீச்சர் செருப்பைக்கூடப் போடாமல் வாசலுக்குப் போய், காரின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். கணவர் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி பின்னாலேயே வந்து, அவரும் குனிந்தார். கதவின் அடி விளிம்பில் மூன்று இடத்தில் தண்ணீர் திரண்டு, சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்துகொண்டிருந்தது. தெளிந்த தண்ணீர். கடைசிச் சொட்டு விழும் வரை இருவரும் எழுந்திருக்கவில்லை.