பக்கத்து வீட்டுத் தண்ணீர்

ஏணியைச் சாத்துவதற்கு முன் தனசேகரன் பக்கத்து வீட்டு வாசலில் போய் நின்று, "ஒரு சொம்பு தண்ணி குடுங்க" என்பார். வேலைக்குக் கூப்பிட்ட வீட்டில் மோர் கொடுத்தாலும் அது பிறகுதான். தண்ணீரைக் குடித்துக்கொண்டே, "இவங்க கூரத் தண்ணிய எந்தாண்ட வுட்டா உங்களுக்குத் தொந்தரவு இல்ல?" என்று கேட்டுக்கொள்வார். வாயைத் துடைத்த பிறகுதான் ஏணி.

மழைநீர் வடியக் கூரையில் தகரம் கட்டுவது அவர் தொழில். இரண்டு ஓட்டுக்கூரை சேரும் பள்ளத்தில் போட்டால் கூடல்வாய். ஷீட்டு விளிம்பில் தொங்கவிட்டால் தண்ணித் தகரம். மேஸ்திரிகள் வாயில் எல்லாமே கட்டர். தனசேகரனுக்குப் பெயரைப் பற்றிக் கவலையில்லை. பிடித்த மழையைச் சண்டை வராத பக்கம் விடவேண்டும், அவ்வளவுதான். இந்தப் பக்கத்து அண்ணன் தம்பிகளுக்குள் நிலம்கூடச் சுமுகமாகப் பிரிந்துவிடும். கூரை விளிம்பிலிருந்து, இறவாணத்திலிருந்து, சொட்டும் தண்ணீர்தான் பிரியாது.

ஐம்பதைத் தாண்டிய ஒல்லி உடம்பு. வேலை நேரத்தில் உதட்டிடுக்கில் ஆணிகள் இருக்கும். அதனால் பேச்சு பெரும்பாலும் 'ம்' தான். சம்மதத்துக்கு ஒரு ம், மறுப்புக்கு வேறொரு ம். தகரம் வளைய மறுத்தால் மட்டும் ஆணிகளை எடுத்துவிட்டு, "இன்னாம்மா, காலங்காத்தாலயே கோவமா?" என்று அதைக் கேட்பார். கட்டி முடித்ததும் தகரத்தில் ஒரு வேப்பிலையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவார். இலை நடுவழியில் நின்றால் அத்தனையையும் கழற்றி மறுபடி கட்டுவார். அவர் மனைவி ஜெயம்மாள், "ஊரு வூட்டுக்கெல்லாம் தகரம். எங்க வூட்ல மழ வந்தா நான் குண்டான வச்சிக்கினு குந்தியிருக்கறேன்" என்பார், சிரிக்காமல்.

போன ஆடியில் வடக்கனந்தலுக்குப் பக்கத்தில் இருசப்பன் புது ஷீட்டு போட்டார். அடுத்த வீடு, இறந்துபோன தம்பியின் மனைவி சாலம்மாளுடையது. நடுவில் ஓர் ஆள் நுழையும் சந்து. சாலம்மாள் பக்கம் மண்சுவர். பாகம் பிரித்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சு இல்லை. தனசேகரன் வழக்கம்போல் சாலம்மாள் வாசலில் போய் நின்றார்.

"அந்த வூட்டு வேலைக்கு வந்தவங்களுக்கு இங்க தண்ணி கெடையாதுங்க."

தனசேகரன் திரும்பி வந்து, ஆணிகளை உதட்டில் இடுக்கிக்கொண்டு, கிடத்தி வைத்த ஏணியின் மேல் உட்கார்ந்துவிட்டார். மேற்கே மலை கறுத்துக்கொண்டிருந்தது.

"இன்னாப்பா, பொண்ணு பாக்கவா வந்த? ஏறு" என்றார் இருசப்பன். "தண்ணிய சந்துல வுட்டுடு. வாசப்பக்கம் சேறாவக் கூடாது."

தனசேகரன் ஆணிகளைக் கையில் துப்பிக்கொண்டார். "சந்துல வுட்டா ஒரு மழைக்குத் தாங்காது அந்தச் சுவரு. உள்ள ஒரு பொம்பள படுத்துக்கினு கீறா."

"அது அவ சுவரு. அவ பாத்துக்குவா."

"பிரிச்சதுக்கப்பறம் அவங்க சுவருண்ணே. வச்சது யாரு, உங்கப்பாதான?"

இருசப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தார். கொஞ்ச தூரம் போனபின், திரும்பிப் பார்க்காமலே, "பின்னாடி வாழைக்கு வுடு. போ" என்றார்.

கதவுக்குப் பின்னால் சாலம்மாளுக்கு இது கேட்டிருக்க வேண்டும். கையில் தரவில்லை, ஒரு சொம்பு தண்ணீரை வாசற்படியில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். தனசேகரன் அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு ஏணியைத் தூக்கினார்.

நாலைந்து நாள் கழித்துத்தான் கனமழை பிடித்தது. கட்டிய தகரத்தின் முதல் மழையை நேரில் பார்க்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. உரச்சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வண்டியில் போனார். தண்ணீர் சத்தமில்லாமல் வாழைக்குப் போய்க்கொண்டிருந்தது. சந்துக்குள் எட்டிப் பார்த்தார். அங்கே இருசப்பன் நனைந்தபடி குனிந்து நின்று, சாலம்மாளின் மண்சுவரை அடியிலிருந்து மேலாக உள்ளங்கையால் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தனசேகரன் கூப்பிடவில்லை. வண்டியைச் சத்தமில்லாமல் திருப்பி, கிளப்பாமல், தெருமுனை வரைக்கும் மழையில் தள்ளிக்கொண்டே போனார்.